மணியும் அறிவித்தல் புத்தகமும்

(நூற்றாண்டுக் கருத்தரங்கில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உங்கள் தொழிலைப் பற்றிப் பேசுங்கள், ஆனால் எல்லாருக்கும் விளங்கவேண்டும்" என்று சங்கச் செயலாளர் எங்களிடம் சொன்னார். இரண்டாவது நிபந்தனைதான் கஷ்டம். நாங்கள் இருவரும் உயர்தரக் கணிதப் பிரிவில் ஒரே வாங்கில் இருந்தவர்கள். இன்று எங்களில் ஒருத்தி கிருலப்பனையிலேயே, பள்ளி மணி கேட்கும் தூரத்தில் இருக்கிறாள். மற்றவள் ரொறன்ரோவில் இருக்கிறாள். இருவருக்கும் தொழில் மென்பொருள் எழுதுவது. ஒரு விஷயத்தில் மட்டும் நாங்கள் பல வருடங்களாக ஒத்துப்போகவில்லை. அந்தச் சண்டையையும், அது எங்களுக்குக் கற்றுத்தந்த பாடத்தையும்தான் இன்று கொண்டுவந்திருக்கிறோம்.

நாங்கள் படித்த காலத்தில் பள்ளிக்குள் செய்தி போவதற்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று மணி, மற்றது அறிவித்தல் புத்தகம்.

மணி அடிப்பவருக்கு யார் கேட்டார்கள், யார் கேட்கவில்லை என்று தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இல்லை. இடைவேளை மணி கேட்டவுடன் சின்னப் பிள்ளைகள் சிற்றுண்டிச்சாலைக்கு ஓடுவார்கள். மாணவத் தலைவியர் படிக்கட்டடியில் போய் நிற்பார்கள். உயர்தர மாணவியர் ஆய்வுகூடத்தில் இருந்து அசையமாட்டார்கள். மணி ஒன்றுதான். கேட்டபின் செய்வது அவரவர் வேலை.

அறிவித்தல் புத்தகம் வேறு மாதிரி. அதிபர் எழுதிக் கொடுத்ததை ஒரு பிள்ளை வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோவாள். கதவடியில் நிற்பாள். மிஸ் கரும்பலகையில் கணக்கை முடித்து, புத்தகத்தை வாங்கி, வாசித்து, கையொப்பம் வைக்கும்வரை அவள் நிற்கத்தான் வேண்டும். கையொப்பம் விழுந்த பிறகே அடுத்த வகுப்பு.

இன்றைய மென்பொருள் ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்கிறது. உங்கள் கைத்தொலைபேசியில் வங்கிச் செயலியைத் திறந்தால், ஒரு பகுதி உங்கள் மீதியைக் கொண்டுவருகிறது. இன்னொன்று நாணயமாற்று வீதத்தைப் புதுப்பிக்கிறது. வேறொன்று நீங்கள் தட்டுவதைக் கவனிக்கிறது. இந்தப் பகுதிகள் தங்களுக்குள் செய்தி பரிமாற வேண்டும். அதற்கும் பெரிய வழிகளாக இரண்டைச் சொல்லலாம். மணியைப் போன்றது ரியாக்டிவ் நிரலாக்கம். அறிவித்தல் புத்தகத்தைப் போன்றது சனல் வழி.

ரியாக்டிவ் என்ற சொல்லைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். சாதாரணதரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படித்த எந்தப் பிள்ளையும் விரிதாளில் அதைச் செய்திருக்கிறாள். ஒரு கட்டத்தில் மொத்தம் என்று சூத்திரம் எழுதிவைத்தால், மேலே ஒரு புள்ளியை மாற்றியவுடன் மொத்தம் தானாக மாறுகிறது. "இப்போது கூட்டு" என்று யாரும் கட்டளையிடுவதில்லை. மாற்றம் வந்தது, அதைச் சார்ந்தவை அசைந்தன, அவ்வளவுதான். இதையே ஒரு நிரலாக்க முறையாக 1997இல் கோனல் எலியட், போல் ஹூடாக் என்ற இருவர் அசையும் படங்களுக்காக எழுதிக் காட்டினார்கள். 2009இல் மைக்ரோசொப்ட்டில் எரிக் மைஜரின் குழு ஆர்எக்ஸ் என்ற நூலகத்தை வெளியிட்டது. 2013இல் நெட்பிளிக்ஸ் அதை ஜாவா மொழிக்குக் கொண்டுவந்தது. நிகழ்ச்சிகளை ஓர் ஓட்டமாக நினைத்து, அதை வடிகட்டி, இன்னோர் ஓட்டத்துடன் சேர்த்து, "கடந்த ஐந்து நிமிடத்தில் எத்தனை" என்று எண்ணி, விரும்புகிறவர்கள் சந்தாதாரராகக் கேட்டுக்கொள்வது அதன் வழி.

சனல் என்றவுடன் தொலைக்காட்சியை நினைக்கவேண்டாம். நமக்குத் தெரிந்த கிருலப்பனைக் கால்வாயை நினையுங்கள். ஒரு முனையில் போடுவது மறு முனையில் வரும். மென்பொருளில் ஒரு பகுதி ஒரு முனையில் செய்தியைப் போடும். இன்னொரு பகுதி மறு முனையில் எடுக்கும். எடுக்க ஆள் வரும்வரை போடுபவர் காத்திருப்பார். நடுவே பத்துச் செய்திக்கு இடம் ஒதுக்கியிருந்தால் அந்தப் பத்தும் நிரம்பிய பிறகு காத்திருப்பார்.

இந்த இரண்டாவது வழியின் மூலவருக்கும் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. செய்தி பரிமாறிக்கொள்ளும் தொடர் செயல்கள் என்ற கருத்தை 1978இல் ஒரு கட்டுரையாக எழுதியவர் டோனி ஹோர். கணினித் துறையின் மிகப் பெரிய விருதான டூரிங் விருதை 1980இல் பெற்றவர். வரிசைப்படுத்துவதற்கான குவிக்சோர்ட் முறையைக் கண்டவரும் அவரே. அவர் 1934இல் பிறந்தது கொழும்பில். எங்களில் ஒருத்திக்கு இது தெரியவந்த நாளில் அவள் மற்றவளுக்கு ரொறன்ரோ நேரம் அதிகாலை மூன்று மணிக்குத் தொலைபேசி எடுத்தாள். அதற்கு அவள் கேட்ட ஏச்சை இங்கே சொல்லமாட்டோம்.

ஹோரின் முதற் கட்டுரையில் சனல் என்று தனியாக ஒன்றும் இல்லை. ஒரு செயல் மற்றச் செயலைப் பெயர் சொல்லி அழைத்துக் கொடுக்கும். சனலுக்கே தனிப் பெயர் கொடுப்பது 1985இல் வந்த அவருடைய நூலில் இடம்பெற்றது. 2009இல் கூகுள் வெளியிட்ட கோ மொழி அந்தப் பிந்திய வடிவத்தை எடுத்துக்கொண்டு உலகமெங்கும் பரப்பியது.

கொழும்பில் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் பாலரினா என்ற நிரலாக்க மொழியை உருவாக்கி, அதன் முதலாவது முழுப் பதிப்பை 2019 செப்டெம்பரில் வெளியிட்டது. அந்த மொழியில் ஒரு வேலையைப் பல "வேர்க்கர்"களாகப் பிரித்து எழுதலாம். ஒரு வேர்க்கர் மற்றவருக்குச் செய்தி அனுப்ப ஓர் அம்புக்குறி. பெறுவதற்கு எதிர்ப்பக்க அம்புக்குறி. அங்கே வேர்க்கரையே பெயர் சொல்லி அழைக்கிறோம். அதாவது கொழும்பில் பிறந்த ஒருவர் 1978இல் எழுதிய வடிவத்துக்கு மிகக் கிட்டியது, நாற்பது வருடம் கழித்துக் கொழும்பிலேயே மீண்டும் எழுதப்பட்டது. இன்னொரு நல்ல குணமும் அதற்கு உண்டு. அனுப்பியதைப் பெற ஆள் இல்லாவிட்டாலும், இரு வேர்க்கர்கள் ஒருவரையொருவர் பார்த்துக் காத்திருந்து நகரமுடியாமல் போகும் நிலை இருந்தாலும், நிரலை ஓடவிடுவதற்கு முன்பே மொழியின் தொகுப்பி பிழை என்று சொல்லிவிடும்.

மணி வழிக்கும் உள்ளூர் உதாரணம் உண்டு. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வாகத் தொடங்கி, 2011இல் கட்டுரையாக வந்து, பின்னர் அதே டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தில் வளர்ந்த மென்பொருளுக்குப் பெயர் சித்தி. நமக்குச் சித்தி என்றால் பரீட்சைப் பெறுபேறு அல்லது அம்மாவின் தங்கை. சிங்களத்தில் அந்தச் சொல் நிகழ்ச்சிகளைக் குறிக்கும். ஓடிவரும் நிகழ்ச்சிகளில், "ஒரே அட்டை பத்து நிமிடத்துக்குள் இரண்டு நாடுகளில் பாவிக்கப்பட்டால் எனக்குச் சொல்" என்பது போன்ற கேள்விகளை எழுதிவைக்கலாம்; பொருந்துவது வந்தவுடன் அது பதில் தரும். ரியாக்டிவ் நிரலாக்கத்தின் ஒன்றுவிட்ட சகோதரி என்று அதைச் சொல்லலாம்.

இனி எங்கள் கதை.

சில வருடங்களுக்கு முன் நாங்கள் இருவரும் ஒரே வேலையில் சேர்ந்தோம். வெளிநாட்டில் இருப்பவர்கள் வீட்டுக்குப் பணம் அனுப்பும் ஒரு சேவை. அதன் பெயர் இங்கே தேவையில்லை, பிழை எங்களுடையது. அந்தச் செயலியின் முகப்பில் நாணயமாற்று வீதம் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு வினாடிக்குள் அது பல தடவை மாறும். திரையில் அத்தனையையும் காட்டினால் பார்ப்பவருக்குத் தலை சுற்றும். ஆகவே எங்களில் ரியாக்டிவ் பக்கம் நிற்பவள் அந்த ஓட்டத்துக்கு ஒரு விதி எழுதினாள்: வாங்குபவர் தாமதித்தால் கடைசியாக வந்ததை மட்டும் வைத்திரு, முந்தியவற்றை விட்டுவிடு. வீதத்துக்கு அது மிகச் சரியான விதி. பத்து வினாடிக்கு முந்திய வீதம் யாருக்கு வேண்டும்?

பிறகு, "உங்கள் பணம் வந்துவிட்டது" என்று பெறுபவருக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் பகுதியை எழுதினோம். அவசரத்தில் வீதத்துக்கு எழுதிய அதே துண்டை எடுத்து அங்கேயும் பாவித்தோம். பல மாதம் ஒரு குறையும் இல்லை. குறுஞ்செய்திகள் போகிற வேகத்தைவிட மெதுவாகவே பணம் வந்துகொண்டிருந்தது. தீபாவளி வாரம் வந்தது. எல்லாப் பிள்ளைகளும் எல்லா அம்மாமாருக்கும் ஒரே நாட்களில் அனுப்பினார்கள். குறுஞ்செய்திப் பகுதி பின்தங்கியது. விதி தன் வேலையைச் செய்தது: கடைசியை வைத்துக்கொண்டு முந்தியவற்றை விட்டுவிட்டது. பதிவேட்டில் ஒரு பிழைக்குறிப்பும் இல்லை. நிரல் தனக்குச் சொன்னதைச் செய்தது. அதன் கணக்கில் பிழையே நடக்கவில்லை.

பணம் வங்கியில் பத்திரமாக இருந்தது. செய்திதான் போகவில்லை. வெள்ளவத்தையில் தனியாக இருக்கும் ஓர் அம்மா இரண்டு நாள் பார்த்திருந்துவிட்டு, மகன் இந்த முறை அனுப்பவில்லை என்று எண்ணி, மருந்துக்குப் பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கியிருக்கிறார். மகன் தொலைபேசியில் பேசியபோது மனத்தாங்கலில் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் கிடைத்திருக்கும் என்று நினைத்து ஒன்றும் சொல்லவில்லை. முறைப்பாடு எங்களிடம் வந்துசேர ஒரு வாரம் ஆயிற்று. நாங்கள் விட்டுவிட்டது குறுஞ்செய்தி என்றுதான் கணினி சொல்லும். அது என்ன என்பது நம் எல்லாருக்கும் தெரியும். இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் பலர் அந்தப் பணத்தை அனுப்பியவர்கள், மற்றவர்கள் பெற்றவர்கள்.

"பார்த்தாயா, நான் சொன்னேனே" என்று சனல் பக்கம் நிற்பவள் சொன்னாள். அந்தப் பகுதி முழுவதையும் அவள் சனல் வழியில் திரும்ப எழுதினாள். பதிவுசெய்பவர் ஒருவர், குறுஞ்செய்தி அனுப்புபவர் ஒருவர், நடுவில் சனல். அனுப்புபவர் தாமதித்தால் பதிவுசெய்பவர் காத்திருப்பார், ஒன்றும் தொலையாது. அனுப்ப முடியாமல் போன செய்தியைத் திரும்பப் பதிவுசெய்பவரிடம் கொடுக்க இன்னொரு சனல். தைப்பொங்கலுக்கு முதல் நாள் முழுவதும் நின்றுபோயிற்று. அனுப்புபவர் திரும்பக் கொடுக்கப் பார்க்கிறார். பதிவுசெய்பவரோ புதிய செய்தியைக் கொடுக்கப் பார்க்கிறார். இரண்டு சனலும் நிரம்பியிருக்கின்றன. ஆளையாள் பார்த்துக்கொண்டு இருவரும் நிற்கிறார்கள். கோ மொழியில், எல்லாச் செயல்களும் நின்றால்தான் மொழியே முட்டுக்கட்டை என்று கூச்சலிடும். இரண்டு மட்டும் நின்றால் பேசாமல் இருக்கும்.

ஆளுக்கு ஒரு பிழை. அதன் பிறகுதான் சண்டையை விட்டுவிட்டு யோசிக்கத் தொடங்கினோம்.

இரண்டு பிழைகளுக்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. நின்றதை நாங்கள் ஒரு மணி நேரத்துக்குள் கண்டுபிடித்தோம். ஒரு செய்தியும் தொலையவில்லை, தாமதமாகப் போயின. தொலைந்ததை ஒரு வாரம் கழித்து ஓர் அம்மா சொல்லித்தான் அறிந்தோம். ஆனால் இதை வைத்துச் சனல் நல்லது, ரியாக்டிவ் கூடாது என்று முடிவுகட்டுவது தவறு. சனலிலும், "எடுக்க ஆள் இல்லாவிட்டால் விட்டுவிடு" என்று ஒரு வரி எழுதலாம். ரியாக்டிவ் வழியிலும், விடாதே, சேர்த்துவை, அல்லது பிழை என்று சொல்லி நிறுத்து என்று எழுதலாம். 2015இல் வெளிவந்த ரியாக்டிவ் ஸ்ட்ரீம்ஸ் என்ற பொது ஒப்பந்தம் இதற்காகவே எழுதப்பட்டது. அதில் வாங்குபவர், "எனக்கு இன்னும் பத்துத் தா" என்று கேட்பார். கேட்டதற்கு மேல் கொடுப்பவர் தள்ளக்கூடாது. மணி அடிப்பவருக்குக் கேட்பவரின் நிலையைத் தெரியப்படுத்தும் ஏற்பாடு அது. 2017இல் ஜாவா மொழியே அதை உள்வாங்கிக்கொண்டது.

ஆகவே இரண்டு வழிகளும் ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்கின்றன. கொடுப்பவர் வேகம், வாங்குபவர் தாமதம் என்றால் யார் காத்திருப்பது, அல்லது எதை இழப்பது? பெரிய வாளி வைத்தால் சரிவராதா என்று சிலர் கேட்பார்கள். மழைக்காலத்தில் கால்வாயைப் பார்த்த நமக்கு அதற்குப் பதில் தெரியும். வருவது போவதைவிடத் தொடர்ந்து கூடுதலாக இருந்தால் எந்தப் பாத்திரமும் ஒரு நாள் வழியும்.

எது எங்கே நல்லது என்பதில் இப்போது எங்கள் இருவருக்கும் ஒரே கருத்து. ஒன்று அசைந்தால் பல அசையவேண்டிய இடத்தில், திரைகளில், உணரிகளில், நேரத்தோடு சேர்த்துக் கணக்கிடவேண்டிய இடத்தில் ரியாக்டிவ் வழி அழகாக இருக்கும். தேடல் பெட்டியில் நீங்கள் எழுத்தைத் தட்டத் தட்டப் பழைய தேடலின் விடையைக் கைவிட்டுப் புதியதை எடுப்பது அங்கே ஒரு வரி. சனலில் அதை எழுத நாங்கள் ஒரு பக்கம் செலவழித்திருக்கிறோம். முதலில் இது, பிறகு அது, பிழைத்தால் இப்படி என்று படிப்படியாகப் போகும் வேலைக்குச் சனல் வழி நல்லது. மேலிருந்து கீழே கதை போல் வாசிக்கலாம். நள்ளிரவில் ஏதாவது பிழைத்தால் எந்தப் படியில் பிழைத்தது என்று பார்க்கலாம். ரியாக்டிவ் நிரலில் அதைத் தேடுவது, மணி கேட்டு ஓடிய பிள்ளைகளில் யார் தள்ளிவிட்டது என்று விசாரிப்பது மாதிரி.

ஒரு காலத்தில் ரியாக்டிவ் வழிக்குப் பலர் போனதற்குக் காரணம் காத்திருப்பதன் விலை. ஜாவாவில் காத்திருக்கும் ஒவ்வோர் இழைக்கும் சாதாரணமாக 1 மெகாபைட் இடம் ஒதுக்கவேண்டும். கோ மொழியில் அது 2 கிலோபைட்டில் தொடங்குகிறது. 2023 செப்டெம்பரில் வந்த ஜாவா 21, மெய்நிகர் இழைகள் மூலம் அந்த மொழியிலும் காத்திருப்பை மலிவாக்கிவிட்டது. கதவடியில் பிள்ளை நிற்பதால் பள்ளிக்குச் செலவு கூடாது என்றால், அறிவித்தல் புத்தகத்தை அனுப்பத் தயங்கவேண்டியதில்லை. ஆனால் மணியின் தேவை அதனால் போய்விடவில்லை.

எங்கள் சேவையை முடிவில் இப்படி அமைத்தோம். வீதம் மணி வழியிலேயே இருந்தது, கடைசியை மட்டும் வைத்திரு என்ற அதே விதியுடன். பணத்தின் பாதை சனல் வழிக்கு மாறியது. திரும்பக் கொடுக்கும் சனல் எடுக்கப்பட்டது. அனுப்ப முடியாமல் போனது தரவுத்தளத்தில் எழுதப்பட்டு, தன் முறை வரும்போது மீண்டும் எடுக்கப்பட்டது. ஒவ்வோர் இரவும், எத்தனை பேருக்குப் பணம் வந்தது, எத்தனை பேருக்குச் செய்தி போனது என்ற இரண்டு எண்களை ஒப்பிட்டோம். ஒன்று குறைந்தாலும் எங்கள் தொலைபேசி ஒலிக்கும். அறிவித்தல் புத்தகத்தில் கையொப்பங்களை எண்ணிப்பார்த்த அதிபர் செய்ததும் அதைத்தான்.

இன்று இந்த மண்டபத்தில் மென்பொருள் எழுதுபவர்கள் மிகச் சிலரே. ஆனால் வங்கியில், ஆஸ்பத்திரியில், பள்ளியில், காப்புறுதியில் அதை வாங்கிப் பாவிக்கிற, வாங்குவதைத் தீர்மானிக்கிற அக்காமார் பலர் இருக்கிறீர்கள். அடுத்த முறை ஒருவர் வந்து உங்களுக்கு ஒரு புதிய ஏற்பாட்டைக் காட்டும்போது மூன்று கேள்வி கேளுங்கள். நெரிசல் வந்தால் இதில் யார் காத்திருப்பார்கள்? காத்திருக்க முடியாவிட்டால் எதை விட்டுவிடுவீர்கள்? விட்டுவிட்டால் அது யாருக்குத் தெரியவரும்? பதில் சொல்ல அவர்கள் தடுமாறினால், அவர்களும் எங்களைப் போல ஒரு துண்டை எடுத்து வேறிடத்தில் ஒட்டியிருக்கக்கூடும்.

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் தங்கைமாருக்கு ஒரு வார்த்தை. இந்த விஷயங்களைத் தமிழில் சொல்லமுடியாது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். இந்த அரை மணி நேரம் நாங்கள் சொன்னது தமிழில்தான். சனிக்கிழமை காலைகளில் வகுப்பு எடுக்க நாங்கள் தயார். ஒருத்தி நேரில் வருவாள். மற்றவள் ரொறன்ரோவில் இருந்து திரையில் வருவாள், அங்கே அப்போது வெள்ளிக்கிழமை இரவாக இருக்கும். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் சங்கச் செயலாளரிடம் கொடுக்கலாம். அவரிடம் ஒரு புத்தகம் இருக்கிறது. கையொப்பம் வைக்க மறக்கவேண்டாம்.